ஏழாம் குப்பி

வெளிறிக் கிடந்தது ஏழு.
மற்றப் பதினொன்றும் மஞ்சள்.

மஞ்சள் என்றால் நொதி வேலை செய்கிறது:
ஒரு நரம்பு இன்னொன்றுக்குச்
சொல்லியனுப்பிய சொல்லை
சேர்ந்த கையோடு வெட்டிப் போடுகிறது.
நல்ல தலைக்குள் அது துப்புரவு வேலை.
சொல் அருகிப்போன தலைக்குள்ளும்
அதே கத்தரிக்கோல், அதே சுறுசுறுப்பு.
அதன் கையைப் பிடித்து வைக்க
ஒரு பிடி கீரையால் ஆகுமா என்பதுதான்
வந்தாறுமூலையில், மின்விசிறி நின்றுபோன அறையில்
மூன்று மாதமாக எங்கள் கேள்வி.

முசுட்டை, குறிஞ்சா, ஆரை, திராய்,
பாகல் விதை, முருங்கைப் பூ.
நிழலில் காயவைத்து, இடித்து,
மெதனோலில் ஊறப்போட்டு, வடித்து,
எல்லாம் ஒரே அழுக்குப் பச்சை.

றிஸ்மியா மூன்று முறை அளந்தாள்.
எழுபத்தொரு வீதம் என்றாள்
கள்ளச் சாமான் விலை சொல்வதுபோல.

மறுகா குப்பியைத் தூக்கிப் பார்த்தால்
வழிந்த மெதனோல்
பேனை மையை நக்கிவிட்டிருக்கிறது.
ஞாபகம் காக்க வந்த சாறு
தன் பெயரைத் தொலைத்து நிற்கிறது.
குறிப்பேட்டில் என் கையெழுத்து:
'ஏழு. செங்கலடி. செவ்வாய்.'
என்ன கீரை?
நினைவிருக்கும் என்று விட்டிருப்பேன்.

செங்கலடிச் சந்தையில்
யோகமலர் சாக்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தா.
"போன மாசம், ஒரு செவ்வாய்..."
"மழை தூறின செவ்வாயா?
நீலச் சல்வார் போட்டிருந்தீங்க.
அஞ்சு பிடி முசுட்டை, ரெண்டு பிடி ஆரை.
முசுட்டை கொம்மாதுறை வேலியில புடுங்கினது.
பாலத்தடி வாய்க்கால்ல ஆரை.
போன் கதைச்சிக் கதைச்சிச் சிரிச்சீங்க,
மறுகா அறுவது ரூபா
மாத்தித் தாறன் எண்டுட்டுப் போனீங்க.
தரல்ல கா."

கொப்பி இல்லை, பென்சில் இல்லை.
அறுபதைக் கொடுத்தேன்.
இரண்டிலும் வாங்கிக்கொண்டேன், அதே வேலி, அதே வாய்க்கால்.
போகிற போக்கில் கேட்டேன்:
நீங்க இதெல்லாம் நல்லாச் சாப்பிடுவீங்களோ?

"நானா? பச்சை மணமே ஒத்துவராது கா.
விக்கிறதோட சரி.
காலையும் ராவும் பாணும் பருப்பும்தான்."

இம்முறை கண்ணாடியில் ஊசியால் கீறினேன்:
'மு.' 'ஆ.'
மூன்றாவதாக ஒரு குப்பி,
அதில் 'யோ.'
"இதென்னடி?" என்றாள் றிஸ்மியா, மூக்கைச் சுளித்து.
பாணும் பருப்பும், என்றேன்.
சும்மா, ஒப்பீட்டுக்கு.

அவள் சிரித்தாள்.
ஆனாலும் துளி துளியாக
அதற்கும் இடம் ஒதுக்கினாள், கடைசி வரிசையில்.
இப்போது இருவரும் காத்திருக்கிறோம்,
எது மஞ்சளாகும் என்று,
கரண்ட் போவதற்குள்.