ஒட்டு வேலை

லைன்மேன் இறங்கிப் போனபின்தான் பார்த்தேன்.
கம்பியைத் தொட்ட கிளைக்கு
மேலிருந்து ஒரே வெட்டு.
பாதி அறுந்ததும் பாரம் தாளாமல் தானே முறிந்து
அடிமரத்துப் பட்டையை ஒரு முழம்
உரித்துக்கொண்டு விழுந்திருக்கிறது.
பவர்குப்பத்து உப்புக்காற்றில்
பதினோரு வருஷம் நின்ற ஒட்டுமா.
மாதவரத்தில் வாங்கி
மீன்பாடி வண்டியில் ஏற்றிவந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.
காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறேன்.
ஓட்டை என்றால் அடைக்க வேண்டும்.
தேய்த்து, துடைத்து, பாய் விரித்து,
ரெசின் ஊற்றி, உருளையால் காற்றை விரட்டி,
காய்ந்ததும் நகத்தால் தட்டினால்
கிண்ணென்று கேட்க வேண்டும்.
மரத்துக்கும் அதையே செய்தேன்.
தேசப்பன் படகுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த
பச்சைப் பெயின்ட்டும் அடித்தேன்.
தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஐப்பசியில் விடாமல் மழை.
கார்த்திகையில் ஒட்டின் ஓரத்தில்
காது மாதிரி ஒரு காளான்.
தட்டினேன். தொம்மென்றது.
உளி வைத்துப் பெயர்த்தால்
ஈரம், நாற்றம், எறும்பு,
டீயில் ஊறிய ரஸ்க் போல மரம்.
காற்றை விரட்டிவிட்டுத்
தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஏகவள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில்
காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.
சர்க்கரைக் கால். கெளுத்தி முள் குத்தி
சுண்டுவிரல் போய் ரெண்டு மாசம்.
"எங்காலுக்கும் இதத்தான் ஊத்துவியா?" என்றாள்.
"கட்டு கட்ற அக்கா இன்னா சொல்லுச்சு?
வாய மூடாத, அடிலேர்ந்து வரட்டும்னு சொல்லல?
நீ எங்க இருந்த அப்போ?"

அங்கேதான் இருந்தேன்,
ஜன்னல் வழியாக
ஆஸ்பத்திரி ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் ரம்பம் இரவல் வாங்கினேன்.
கிளை புறப்படும் இடத்தில்
சட்டைக் காலர் மாதிரி ஒரு புடைப்பு.
அதைத் தொடாமல், அதற்கு வெளியே
மிச்சக் கட்டையை அறுத்தேன்:
முதலில் அடியிலிருந்து கொஞ்சம், பிறகு மேலிருந்து.
தொங்கிய பட்டையைப்
பச்சை தெரியும்வரை கத்தியால் சீவினேன்.
பிறகு கையைக் கட்டிக்கொண்டேன்.
எனக்கு அதுதான் கஷ்டமான வேலை.
தேசப்பன் துத்தமும் சுண்ணாம்பும் குழைக்கச் சொன்னார்.
எதிர்வீட்டில் சாணி என்றார்கள்.
ரோடு போட்ட இடத்தில் தார் கிடக்குதாம், ஒருத்தன் சொன்னான்.
கேட்டுக்கொண்டேன். எதையும் பூசவில்லை.

பங்குனியில், வெட்டின் விளிம்பைச் சுற்றி
ஓர் உதடு தடித்து உருண்டு வந்தது.
உள்ளே கெட்டது கெட்டதுதான்.
மரம் அதை நல்லதாக்குவதில்லை,
சுவர் எழுப்பித் தள்ளி வைக்கிறது,
அதைத் தாண்டிப் பெருக்கிறது.
இந்தக் கோடையில் காய் ஒன்பது. அதில் ரெண்டு வெம்பல்.

திங்கள், வியாழன் கட்டுப் பிரிக்கும் நாள்.
இப்போது நான்தான் பிரிக்கிறேன்.
சிவப்பு. நல்ல சிவப்பு.
விரல் இருந்த இடத்தையும் பார்க்கிறேன்.

ஆவணியில் லைன்மேன் மறுபடி வந்தான்.
ஏணியைச் சாய்க்கும் முன்பே
நாற்காலியிலிருந்து ஏகவள்ளி கத்தினாள்:
"யோவ், மொதல்ல அடிலேர்ந்து அறு!"