பதினான்கு நாள் இலவசம்

காளவாசல் சிக்னலைப் பார்த்தபடி
எக்ஸ்ரே லேப்புக்கு மேல்மாடி,
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ஆலைகளின் கரண்ட் பில்லைக் குறைத்துத் தருவது என் தொழில்.
வீடுகளுக்கு இல்லை என்று போர்டில் எழுதியும்
வாரத்துக்கு ஒருவர் வெள்ளை அட்டையோடு
மூச்சு வாங்க ஏறி வருகிறார்.

உங்கள் குழுவில் எத்தனை பேர்?
முதல் மென்பொருள் கேட்டது.
ஒன்று முதல் ஐம்பது வரை,
இருந்ததில் சின்னக் கட்டம் அதுதான்.
நானும் பிரிசில்லாவும்.
மூணு மணிக்குப் பிள்ளையைக் கூப்பிட அவள் போய்விட்டால்
நானும் ஃபேனும்.

இரண்டாவது, பில் போட.
தானாகவே 0001 என்று எண் கொடுத்தது.
கப்பலூர்க்காரர் பார்த்தால்
இவ இன்னிக்குத்தான் கடை தொறந்தா போல என்பார்.
அமைப்புகளுக்குள் போய்
அதற்குள் இன்னொரு அமைப்புக்குள் போய்
0147 ஆக்கினேன்.
முன்னால் போன நூற்று நாற்பத்தாறு பேர் யாரென்று
ஆடிட்டர் இன்னும் கேட்கவில்லை.

லிங்க் அனுப்பினால்
அவரவர் நேரத்தை அவரவரே எடுத்துக்கொள்வார்களாம்.
அரிசி ஆலை தவசிமுத்து ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்:
"தாயி, செவ்வா பத்தரைன்னு போட்டிருக்கு.
அமுக்குனா நீ வருவியா, நான் வரணுமா?"
வந்தது வியாழன், நாலு மணிக்கு,
விளக்குத்தூணில் துணி எடுத்த பையோடு.
மென்பொருள் அவரை 'வரவில்லை' என்று
செவ்வாயே எழுதி வைத்திருந்தது.

கொட்டேஷனைப் பார்த்தவர்கள் எல்லாம்
"ஆடி கழியட்டும்" என்றார்கள்.
தேதி கொடு என்றது.
ஆவணி ஒன்று கொடுத்தேன்.
ஆவணி இரண்டு காலையில்
பட்டியல் முழுக்கச் சிவப்பு.

பதினோராம் நாள் பிரிசில்லா ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தாள்.
பேசி ரொம்ப நாளானவர்களுக்கு
நம் பெயரில் அதுவே நலம் விசாரிக்கும்.
காலை ஒன்பதுக்கு, இருபத்துமூன்று பேருக்கு,
பெயர் மட்டும் மாறி:
வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?

இருபது பேர் பார்த்தார்கள்.
இரண்டு பேர் கும்பிடும் கையை அனுப்பினார்கள்.
நெல்பேட்டை ஐஸ் பாக்டரி சிக்கந்தர் பாட்சா
நாலு நிமிடம் பேசி அனுப்பியிருந்தார்.

தம்பி பங்கைப் பிரித்துக்கொண்டது,
போர்டிலிருந்து அத்தா பேரை எறக்கினது,
ராத்திரி ஒண்ணரைக்கு முழிப்புத் தட்டினால்
விடிகிற வரை உட்கார்ந்திருப்பது.
"நீங்க கேட்டீங்கம்மா. யாரும் கேக்கலை."
நாலு நிமிடமும் அவர் குரலுக்குப் பின்னால்
எதையோ காணோம் என்று இரண்டாம் தடவை கேட்டேன்.
கம்ப்ரசர் சத்தம்.

திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில்
'ஹாட் லீட்' என்று
குட்டியாக ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது,
ஐஸ்காரருக்கு.

போனேன்.
அந்த மெசேஜ் நான் அனுப்பியதில்லை என்று
வாயெடுக்கும்போது டீ வந்துவிட்டது.
பிறகு மீட்டர் பெட்டியைத் திறந்தேன்.
ஓடாத இரண்டு மெஷினுக்கும் சேர்த்து
ஐந்து மாதமாக டிமாண்ட் சார்ஜ் கட்டியிருந்தார்.
லோடைக் குறைக்க விண்ணப்பம் அங்கேயே எழுதி
கையெழுத்து வாங்கினேன்.

பதினான்காம் நாள்
ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்றது.
விலை. வசதி போதவில்லை. வேறொன்றுக்கு மாறுகிறேன். மற்றவை.
மற்றவையைத் தொட்டதும் ஒரு வெள்ளைக் கட்டம்,
ஐந்நூறு எழுத்துக்குள்.
நான் கேட்காத கேள்விக்கு
ஒருவர் பதில் சொல்லிவிட்டார் என்று எழுதினேன்.
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று
உடனே பதில் வந்தது,
என் பெயரைச் சரியாகப் போட்டு.

பில் போடுவதை மட்டும் வைத்துக்கொண்டேன்.
மிச்சத்துக்கு ஒரு எக்செல்.
அதில் சிவப்பு கிடையாது,
நானாகப் பூசினால்தான்.

0148. சிக்கந்தர் பாட்சா, நெல்பேட்டை.
தொகை என்ற இடத்தில்
கர்சர் வெகுநேரம் கண் சிமிட்டியது.
அறை வாடகை எட்டாயிரம்.
பிரிசில்லாவுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி.

பாதி போட்டேன்.