எண் பதினேழு

தாளில் அவளுக்குப் பெயர் இல்லை; எண் பதினேழு.
சின்னப்பாலத்தில் கேட்டால் சேதுராக்கு.
எட்டாம் வகுப்பில் தொண்டை கட்டியது,
பிறகு முட்டி, பிறகு கணுக்கால், வீங்கி வீங்கி வடிந்தது.
வளர்ற வயசு, அப்படித்தான் என்றார் மருந்துக்கடைக்காரர்.
யாரும் பார்க்காத இடத்தில்
ஒரு வால்வு சுருங்கிக்கொண்டிருந்தது.

மதுரையில் பலூன் விட்டு அதைத் திறந்தாயிற்று.
துடிப்பு மட்டும் வழிக்கு வரவில்லை.
"வலையில சிக்குன நண்டு மாதிரி
இழுக்குது, விடுது, சும்மா கெடக்குது, திரும்ப இழுக்குது."
நான் படித்த பாடத்தைவிடச் சரியாக இருந்ததால்
படிவத்தின் ஓரத்தில் அதையும் எழுதிவைத்தேன்.

மாதம் ஒரு வியாழன்,
மடியில் ஈசிஜி பெட்டியோடு பாம்பன் பஸ்.
குப்பியில் அறுபது மாத்திரை.
மருந்தா, மருந்துபோல் ஒன்றா,
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது,
தெரிந்த கணினி சென்னையில் இருந்தது.
இருவருக்கும் பொதுவாய் அச்சடித்த எச்சரிக்கை ஒன்று:
வெயில் படக்கூடாது. தோல் நிறம் மாறலாம்.

வெயில் படாமல் பாசி எடுப்பது எப்படி என்று
அந்தத் தாளில் இல்லை.
விரலுக்குத் துணிச் சுற்று, பாதத்துக்குத் தகரத் தட்டு,
சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை.
விடியுமுன் இறங்கி எட்டு மணிக்கே கரையேறினாள்.
மாதத்தில் பன்னிரண்டே நாள் கடல்;
அதிலும் பாதிப் பகலை எங்களுக்குக் கொடுத்தாள்.
சாக்கின் கனம் குறைந்ததை எடைபோட்டவர் எழுதிக்கொண்டார்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நான்காம் மாதம் காகிதத்தில்
முள் முள்ளாய், ஒரே இடைவெளியில்,
பாலத்தில் ஊரும் ரயிலின் நிதானத்தோடு வந்தது துடிப்பு.
இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.
கன்னமேட்டில் சாம்பல் கலந்த கருமை.
"நிறமாற்றம்: ஆம்" என்று குறித்தேன்.
மருந்தேதான் என்று மனசுக்குள் முத்திரையும் குத்தினேன்,
ஊகிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள்.

ஆய்வு முடிந்து உறை பிரித்தார்கள்.
பதினேழு: மாவு.
கன்னத்தில் இருந்தது வெறும் சூரியன்.
"மருந்தில்லாமலும் சிலருக்குத் திரும்பும்" என்றார் டாக்டர்,
அடுத்த வரிக்கு விரலை நகர்த்தியபடி.

சொல்லத்தானே வேண்டும், போனேன்.
கச்சான் வீசிக்கொண்டிருந்தது.
உச்சி வெயிலில் பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
முழுக்கக் கேட்டாள். கோபமில்லை, சிரிப்புமில்லை.
"மாவுக்கா நான் வெயிலுக்குப் பயந்தேன்?"
பிறகு உப்புப் பூத்த மணிக்கட்டை நீட்டினாள்:
"இப்ப எப்படி இருக்கு, பாருங்க."

பெட்டி கொண்டுபோகவில்லை.
மூன்று விரல் வைத்து எண்ணத் தொடங்கினேன்,
நிமிஷம் முடிந்தும் எடுக்காமல்.