எடைமேடை நோட்டு

புதுவயலில் நெல் லாரிகளுக்கு
எடை போடுகிறவன் நான்.
வண்டி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
நிற்கிற எண்ணைத்தான் எழுத வேண்டும்.

ஆலைக் கணக்கர் மெ. சாத்தப்பன்
கிண்டிக் குதிரைகளுக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்:
கடைசி ஐந்து ஓட்டத்தின் நேரம்,
முதுகில் ஏற்றிய கிலோ, ஜாக்கியின் கை.
மூட்டை தூக்கும் ஜபருல்லா
தாய்க்குதிரை யார் என்று மட்டும் பார்ப்பார்.
வெள்ளைக்கண்ணுவுக்கு
அன்றைய கடைசி லாரியின் கடைசி எண் போதும்.

ரேஸ் முடிந்த மறுநாள்
மூன்று பேருமே ஜெயித்திருப்பார்கள்.
“நான் அப்பவே சொன்னேன்ல.”
எப்பொழுது என்று கேட்டால் டீ ஆறிவிடும்.

அதனால்தான் நோட்டு.
குதிரை கிளம்பும் முன் சொல்ல வேண்டும்,
நான் எழுதுவேன், கீழே அவரவர் கையெழுத்து.
ஐப்பசியிலிருந்து மாசி முடிய
நூற்று இருபது ஓட்டம்.

சாத்தப்பனுக்கு முப்பத்து நாலு.
ஜபருல்லாவுக்கு இருபத்திரண்டுதான், ஆனால்
வந்ததெல்லாம் நல்ல விலையில் வந்தது,
நஷ்டம் அவருக்கே குறைச்சல்.
லாரிக்குப் பதினொன்று.
யாரிடமும் சொல்லாமல் இன்னொரு பத்தி போட்டிருந்தேன்:
கூட்டம் அதிகம் பணம் கட்டிய குதிரை.
அதற்கு நாற்பத்தொன்று.

“நான் உறுதின்னு சொன்னதைத் தனியா எண்ணுப்பா.”
எண்ணினேன்.
‘உறுதி’ நாற்பத்தெட்டு, வந்தது பதின்மூன்று.
‘பார்க்கலாம்’ எழுபத்திரண்டு, வந்தது இருபத்தொன்று.
கால்குலேட்டரைப் பிடுங்கி அவரே தட்டினார்.
நூற்றுக்கு இருபத்தேழு.
நூற்றுக்கு இருபத்தொன்பது.
அந்த உறுதியை மேடையில் ஏற்றியிருந்தால்
எண் அசைந்திருக்காது.

வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு:
நல்ல குதிரைக்குக் கூடுதல் கிலோ ஏற்றுகிறார்களே,
எல்லாம் ஒரே கோட்டில் மூக்கை நீட்டத்தானே?
அந்த எடைக்காரன் ஒழுங்காக வேலை செய்தால்
உங்கள் சூத்திரத்துக்கு என்ன வேலை, கணக்கரே?

பங்குனியில் முத்திரை ஆய்வாளர் வந்தார்.
ஜீப்பிலிருந்து இருபது கிலோக் கற்களை
ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.
ஜபருல்லா நோட்டை என்னிடம் நீட்டினார்.
“உன் மேடைக்கு நீ என்ன சொல்றே?”
சரியாக இருக்கும்.
உறுதி.
கையெழுத்தும் போட்டேன்.

நாற்பது கிலோ கூட்டிக் காட்டியது.
எத்தனை மாதமாக என்று
ஆய்வாளராலும் சொல்ல முடியவில்லை.
வெள்ளைக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தான்.
சாத்தப்பன் சிரிக்கவில்லை,
என் பெயருக்கு எதிரே ஒரு கோடு கிழித்து
“ஒண்ணை வச்சு முடிவு பண்ணக் கூடாது” என்றார்.
“இன்னும் நூற்றுப் பத்தொன்பது இருக்கு.”