மம்பட்டி பட்ட இடம்

மூன்று மாதத்து ஏத்தன் வாழையைத்
தோளில் சாய்த்தபடி
ஆற்றூர் பஸ் நிறுத்தத்தில் நின்றார் றசலையன்.
"நான் பிடுங்கல்ல பிள்ளே. சும்மா பிடிச்சேன்,
கையோட வந்துட்டு."
கிழங்கு மண்ணிலேயே இருந்துவிட்டதாம்,
வேர்களோடு,
மேலே ஆள் போனது தெரியாமல்.

விளையில் முந்நூறு மூடு.
ஓணச் சந்தைக்கென்று நட்டவை.
இன்னும் ஒன்றும் குலை தள்ளவில்லை,
அவர் கணக்கில் மட்டும் பழுத்திருந்தன.
ஐப்பசி முழுக்க விடாத மழை,
வரப்படியில் செம்மண் கலங்கிக் கிடந்தது.
குனிந்து ஒரு வாழையின் கழுத்தை அழுத்தினேன்.
விரல் உள்ளே போயிற்று.
அந்த நாற்றத்தை எழுத எனக்கு வராது.
என் தலையில் தோவாளைப் பிச்சி ஒரு முழம்,
அதிகாலையில் அண்ணி கட்டித் தந்தது.
இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறின.

"மண் அணைக்கும்போது மம்பட்டி பட்டுதா?"
யோசித்தார்.
"படாம எப்பிடி அணைக்க?"

வெட்டுப்பட்ட வாழை கத்தும்.
தொண்டை இல்லாததால்
அமிலமாகக் கத்தும்.
எழும்பு, வாசலை அடை, சாற்றைக் கசப்பாக்கு என்று
உடம்பு முழுக்க ஓடும் அந்தச் சேதிக்கு
ஜாஸ்மோனிக் அமிலம் என்று பெயர்.
அதன் உடன்பிறப்பை
பிச்சியின் எண்ணெயில் முகர்ந்து பிடித்தவர்கள்
பூவின் பெயரையே இட்டுவிட்டார்கள்.

மண்ணின் ஈரத்தில் ஒன்று
அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
கண் கிடையாது, காது கிடையாது,
உடம்பெங்கும் சுழலும் இழைகள்.
அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
சற்று முன்னைவிட இப்போது கூடுதலா?
கூடுதல் என்றால் நேரே ஓடும்.
குறைந்தால் புரண்டு
வேறு திசை பார்க்கும்.
ஓடி, புரண்டு, ஓடி
ஒரு மம்பட்டி வெட்டின் விளிம்பை அடைய
வரைபடம் எதற்கு?
காவலுக்குக் கூப்பிட்ட குரலே வழி.

வந்ததும் கடிக்காது.
காத்திருக்கும்.
ஒன்று கசியவிடுவது மற்றொன்றுக்கு எட்டி,
அது விட்டது இதற்கு எட்டி,
ஆள் சேர்ந்தாயிற்று என்றான பிறகுதான்
செல்லையும் செல்லையும் ஒட்டி நிறுத்தும் பசையை
எல்லாமாகச் சேர்ந்து கரைக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"பாக்டீரியா" என்றேன். "காயம் வழியா ஏறுது."
வடிகால் வெட்டணும்.
அழுகினதைக் கிழங்கோட தோண்டி எரிக்கணும்.
பிளீச்சிங் தண்ணியில முக்காம
அடுத்த மூட்டுல மம்பட்டி வைக்கப்பிடாது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அன்றிரவு பூவைக் கழற்றி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
வாடியும் மணத்தது.
யாருக்கு என்று தெரியவில்லை.

மறுவாரம் போனபோது
விளை வாசலில் ஒரு பைக்.
டை கட்டிய பையன், அக்குளில் ஃபைல்,
குலசேகரத்தில் புதிதாகத் திறந்த ஃபைனான்ஸ்.
"இவனுக்கு ஆரு சொன்னது?"
என் காதருகே கேட்டார் றசலையன்.
சாயாக்கடையில் ஒரே ஒரு தடவை,
அஜிகுமாரிடம், கொஞ்சம் உரக்க,
வெப்ராளம் தாங்காமல் சொல்லிவிட்டிருக்கிறார்.
நேற்று ஒருவன் வந்து போனான்.
நாளைக்கு ஒருவன் வருவதாக ஃபோன்.
மூன்று பேரும் ஒருவரையொருவர் அறிவார்களாம்.

றீத்தாபாய் உள்ளிருந்து
பிளீச்சிங் வாளியில் முக்கிய மம்பட்டியோடு வந்தாள்,
நீர் சொட்டச் சொட்ட.
பையன் பேனாவைத் திறந்தான்.
"எத்தனை மூடு போச்சு அண்ணாச்சி?"

றசலையன் என்னைப் பார்த்தார்.
மம்பட்டியைப் பார்த்தார்.
"ஒண்ணும் போவல்ல" என்றார்,
பைய, உதடு மட்டும் அசைய.

அவருக்குப் பின்னால்
காற்றே இல்லாத வெயிலில்
ஒரு வாழை சாய்ந்தது.