பத்துக் கிலோவுக்குக் கீழே

குருபரப்பள்ளி தாண்டி, நெடுஞ்சாலை ஓரம்,
எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
திம்மராயன் லாரி ஏறி நிற்கிறது.
சங்கிலி போட்டு இறுக்கிய ஒற்றைக் கருங்கல்,
என் வாடகை அறையைவிடக் கொஞ்சம் பெரியது.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்து.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
விட்ட இடத்திலிருந்து என் கணக்கைத் தொடர்கிறேன்.

கார்பன் ஃபிரேம், ஷாக்கோடு சேர்த்து
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிராம்.
அலுமினியம், இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
வித்தியாசம் இரண்டு மல்கோவா.
விலையில் வித்தியாசம்
நாலு மாதச் சம்பளம், அதுவும் கார்பன் பழசு.

இப்போதிருக்கும் சைக்கிளுக்குப் பின்னால் ஸ்பிரிங் இல்லை.
மகராஜகடை இறக்கத்தில்
குவாரிச் சல்லி கொட்டிய அந்த அரைக் கிலோமீட்டர்
ஒவ்வொரு ஞாயிறும் என் இடுப்பில்தான் முடிகிறது.
ஏற்றத்தில் வேறு கதை:
மாந்தோப்பு வேலி முடிகிற இடத்தில்
இறங்கித் தள்ளுவேன்.
ஆடுகள் ஒதுங்கி வழிவிடும், மரியாதையாக.

நம் பேச்சில்
லேசு என்றால் எடை குறைந்தது,
லேசு என்றால் சுலபம்.
கடைக்காரர்கள் முதலாவதை விற்கிறார்கள்
இரண்டாவதின் விலைக்கு.

என் உயரத்துக்குச் சின்ன அளவு.
சின்ன அளவுக் கார்பனில்
ஷாக் குறுக்கே படுத்திருக்கிறது,
ஒரு பாட்டிலுக்குத்தான் இடம்.
வரைந்தவர் ஏதோ குளிர்தேசத்தவர்,
சித்திரையில் பதினோரு மணிக்கு
இந்தப் பாறைகளின் மேல் மூச்சு விட்டிருக்க மாட்டார்.
இரண்டாவது பாட்டிலை முதுகில் கட்டினால்
லேசு எங்கே போயிற்று?

இன்னொன்று.
அலுமினியத்துக்குப் பின்னால் மூட்டுகள் உண்டு,
மூட்டுக்கு மூட்டு பேரிங், மண் புகும், கிரீச்சிடும்.
கார்பனுக்கு அங்கே மூட்டே கிடையாது,
தானே வளைந்துகொடுக்கும் என்றான் முனவர்.
வளைந்துகொடுப்பதா.
'நாற்பதை முப்பத்தெட்டாப் போடும்மா' என்று
கேட்டவர்களுக்கு வளையாமல்தான்
இதற்கு முன் மூன்று எடைமேடை மாறினேன்.

இரண்டு மணிக்கு அவனே வந்தான்,
பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி,
போர்வையில் சுற்றிய ஃபிரேமைத் தோளில் சாத்தி.
பிரித்ததும் ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.
கறுப்பு. உள்ளே இன்னும் கறுப்பாக இழையோட்டம்.
ஒற்றை விரலில் தூக்கினேன்.
அந்த விரல் இன்னும் அதை நினைத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு ஐந்து ரூபாய்க் காசை எடுத்துத் தட்டினேன்,
மேல்குழாயிலிருந்து, விரற்கடை விரற்கடையாக.
டிங். டிங். டிங்.
கீழ்க்குழாய் முழுதும் டிங்.
பெடல் அச்சுக்கு ஒரு சாண் மேலே
டப்.

திம்மராயன் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினான்.
அவன் கல் ஏற்றுகிறவன். அவனுக்கும் கேட்டது.
முனவர் மட்டும், 'பெயிண்டு அக்கா, பெயிண்டு' என்றான்.
நானும் பெயிண்ட்டாக இருக்கட்டுமென்று
இன்னொரு முறை தட்டினேன்.
டப்.

மனசு கேட்கவில்லை. லாரி நகர்ந்ததும்
மேடை நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.
திரையில் பூஜ்ஜியம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்கு எதுவும் தெரியாது.
ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன்.
'ஐம்பது' என்று அறையிலிருந்து கத்தினான் முனவர்.
ஃபிரேமைக் கீழே தரையில் சாத்திவிட்டு
நான் மட்டும் ஏறினேன்.
'ஐம்பதுதான் அக்கா.'

'அலுமினியம் சொல்லிடு,' என்றேன்.
'சின்ன அளவு. ரெண்டு பாட்டில் மாட்டுறது.'
'வெயிட்டு அக்கா.'
'தெரியும்.'
'கலர்?'
அதை மட்டும் நான் யோசித்திருக்கவே இல்லை.

ராயக்கோட்டைத் தக்காளி லாரி ஹாரன் அடித்தது.
அவன் போர்வையைச் சுற்றினான்.
நாங்கள் இறங்கி விலகிய பிறகும்
திரையில் பத்து கிலோ நின்றது,
எதனுடையது என்று தெரியவில்லை.
பூஜ்ஜியத்தை அழுத்தினேன்.
லாரியை ஏறச் சொல்லிக் கை காட்டினேன்.