புதன்கிழமையும் சேர்த்து

காலை நான்கே முக்காலுக்கு
கொட்டகைக்கு முதலில் வருகிறவள் நான்.
லிங்கன்ஷயர் முழுக்க முட்டைக்கோஸ், அதன்மேல் உறைபனி, அதன்மேல் இருட்டு.
மேஜையில் பதிவுக் கருவி கண்சிமிட்டிக்கொண்டிருக்கும்.

ஷிஃப்டுக்கு ஒரு மணி முன்பே சொல்ல வேண்டும்.
தானே பேச வேண்டும், புருஷன் பேசக் கூடாது,
குறுஞ்செய்தி செல்லாது.
முதலில் பணியாள் எண், பிறகு நோய், பிறகு எப்போது வருவாய்.

அதனால் எல்லோரும் எனக்கு இருமிக் காட்டுகிறார்கள்.
நிஜமாகவே இருமல் உள்ளவர்களும்
கொஞ்சம் கூட்டித்தான் இருமுகிறார்கள்.
ஒருவன் வாந்தியெடுத்து முடித்துவிட்டு,
மன்னியுங்கள், இரண்டாயிரத்துப் பதினெட்டு என்றான்.

கணக்கு இது:
வருஷத்தில் எத்தனை தடவை படுத்தாயோ
அதை அதாலேயே பெருக்கு.
வந்த தொகையை, மொத்தம் எத்தனை நாளோ அதால் பெருக்கு.
ஒரே மூச்சில் பத்து நாள் கிடந்தால் பத்து.
பத்து தடவை, தடவைக்கு ஒரு நாள் என்றால் ஆயிரம்.
கால் ஒடிந்தவன்மேல் அதற்கு இரக்கம் உண்டு.
ஒற்றைத் தலைவலிக்காரியைக் கண்டால் ஆகாது.
நூற்றைம்பதைத் தாண்டினால் ரோட்னியின் அறை,
ஒரு கடிதம், ஒரு டம்ளர் தண்ணீர்.

பிரூத்தே, நான்காம் வரிசை, வெளி இலை உரிப்பவள்.
திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை.
புதன் வந்தாள்.
வியாழன் வரவில்லை.
வெள்ளியன்று என் எதிரே, கோட்டைக் கழற்றாமல்.
ஏற்கெனவே மூன்று தடவை, நான்கு நாள்.
இப்போது ஐந்து தடவை, ஏழு நாள்.
நூற்று எழுபத்தைந்து, என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

அவள் என் பேனாவை வாங்கிப் படிவத்தைத் திருப்பினாள்.
லிதுவேனிய மொழியில் முணுமுணுத்துக்கொண்டே பெருக்கினாள்.
கணக்கை மட்டும் யாரும் சொந்த மொழியில்தான் போடுவார்கள் போல.
புதனையும் நோய் என்று எழுது, என்றாள்.
அப்போது எல்லாம் சேர்ந்து ஒரே தடவை.
நான்கு நான்கு பதினாறு, எட்டால் பெருக்கினால் நூற்று இருபத்தெட்டு.

நீ வந்தாயே, கார்டு தேய்த்திருக்கிறாயே, என்றேன்.
வந்தேன்.
கத்திக்கு இரண்டு விளிம்பு தெரிந்தது,
எது கத்தி என்று தெரியாமல் நாள் முழுக்க உரித்தேன்.
அதற்கு உன் புத்தகத்தில் என்ன பெயர்?

புதன் கூலி போய்விடும்.
போகட்டும்.
முதல் மூன்று நாளுக்கு ஒரு பென்னி கிடையாது,
நான்காம் நாளிலிருந்துதான் நோய்க்காசு.
தெரியும், என்றாள். இப்படி எழுதினால் வியாழன் நான்காம் நாள்.

அந்த விதிப்புத்தகத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.
எனக்கு இது தோன்றவில்லை.

அவள் உரித்த புதன்கிழமை
லாரி ஏறி, கடை சேர்ந்து,
யார் வீட்டுப் பானையிலோ அந்நேரம் வெந்துகொண்டிருந்தது.
நான் அதை அழித்தேன்.
அழிப்பதற்கு இரண்டு பொத்தான், ஒரு 'ஆம்'.

தலைவலியும் காய்ச்சலும்
தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.
எனக்கும் வரும், பிப்ரவரியில் தவறாமல்.
அலுவலகத்தாருக்கு முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம், பக்கம் ஒன்பது.
வந்தும் தெரியவில்லை.

கடைசிக் கேள்வி, பதினொன்று. வாசித்தேன்:
நிறுவனம் உங்களுக்கு வேறு ஏதாவது செய்ய முடியுமா?
இதுவரை எல்லோரும் இல்லை, நன்றி என்றே சொல்லியிருக்கிறார்கள்.
அவள் யோசித்தாள்.
என் தலைக்கு மேலிருக்கும் டியூப் லைட், என்றாள்.
விட்டு விட்டு எரிகிறது.
ஆகஸ்டிலிருந்து.

முதல் தடவை அவள் படுத்தது எப்போது என்று
நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.
எழுதிக்கொண்டேன்.
பதிலுக்கு அரை வரிதான் இடம் விட்டிருந்தது,
'லைட்' ஓரத்தில் மடங்கிக் கீழே இறங்கியது.